முன்கதை முந்தலாமா?

ஒரு நாவலாசிரியர், பின்னால் நடந்த கதையை முதலில் எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து, அதற்கு முன்னால் நடந்த கதையை எழுதுகிறார். இரண்டு புத்தகங்களையும் ஒருசேரக் கையில் வைத்திருக்கும் இன்றைய வாசகர் எதை முதலில் படிப்பது? எழுதிய வரிசையிலா, நடந்த வரிசையிலா? கல்கியின் சரித்திர நாவல்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் இந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. 'பார்த்திபன் கனவு' முதலா, 'சிவகாமியின் சபதம்' முதலா என்று கேட்டால், படித்தவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்கவும் மறுக்கிறார்கள்.

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி வட்டாரத்துப் பண்டகசாலைகளில் மூட்டை சுமப்பவர்கள், கடைகளில் கணக்கு எழுதுபவர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள் எனப் பிழைப்பைத் தேடி வந்த தமிழர்களுக்கு இது பொழுதுபோக்குச் சர்ச்சை மட்டும் அல்ல. சொந்த ஊரில் இருப்பவருக்குத் தமிழ்ப் புத்தகம் எங்கும் கிடைக்கும். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். இங்கேயோ, ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் வைத்து எடுத்து வரும் ஒன்றிரண்டு புத்தகங்களே வீட்டு நூலகம். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளையின் கையில் அவற்றில் எதை முதலில் கொடுப்பது? அந்தப் பிள்ளை தமிழ் வாசகனாக வளருமா, தமிழ் பேச மட்டும் தெரிந்தவனாக நின்றுவிடுமா என்பதை அந்த முதல் புத்தகமே தீர்மானித்துவிடக் கூடும். ஆகவே, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாக ஆராய்வது நல்லது.

இரண்டு நாவல்கள்

'பார்த்திபன் கனவு', 1941-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கல்கி' பத்திரிகையில் 1943 வரை தொடர்கதையாக வெளிவந்தது. மூன்று பாகங்கள், எழுபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள். சோழ நாடு பல்லவர்க்குக் கப்பம் கட்டும் சிற்றரசாகக் குறுகிக் கிடந்த காலம். சுதந்திரச் சோழ நாட்டைக் கனவு கண்டு, அக்கனவைச் சித்திரங்களாகத் தீட்டி மகனுக்குக் காட்டிவிட்டுப் போர்க்களத்தில் மடிகிறான் பார்த்திப மகாராஜா. அவன் மகன் விக்கிரமன் அந்தக் கனவைச் சுமந்துகொண்டு கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறான். படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி, பல்லவ சக்கரவர்த்தி நரசிம்மவர்மர், அவர் மகள் குந்தவி ஆகியோர் கதையை நடத்துகிறார்கள். காவியுடுத்த ஒரு சிவனடியாரும், ஒற்றைக் கையுடன் நடமாடும் ஒரு காபாலிகரும் கதை நெடுகிலும் மர்மத்தை வளர்க்கிறார்கள்.

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை அதே பத்திரிகையில் வந்தது. நான்கு பாகங்கள், இருநூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள். அளவில் முந்தியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால், கதை நடக்கும் காலமோ 'பார்த்திபன் கனவு'க்கு முந்தியது. அங்கே முதிர்ந்த சக்கரவர்த்தியாகக் கண்ட நரசிம்மவர்மர், இங்கே மாமல்லன் என்ற இளவரசன். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியின் மீது அவன் கொண்ட காதல், சாளுக்கியப் புலிகேசியின் படையெடுப்பு, காஞ்சி முற்றுகை, வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போன சிவகாமி அந்நகரம் தீக்கிரையாகும் வரை அங்கிருந்து வெளியேறுவதில்லை என்று செய்த சபதம், பின்னர் வாதாபி எரிந்தது — இவையே கதை. கி.பி. 642-ல் பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியது சரித்திரம். அப்படையை நடத்திய பரஞ்சோதியே பிற்காலத்தில் அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரிய புராண மரபு.

ஆக, பின்கதை முதலில் வந்தது. முன்கதை பிறகு வந்தது. 'சிவகாமியின் சபதம்' நாவலின் முன்னுரையில், மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யுடன் அமர்ந்திருந்தபோது கதைமாந்தர்கள் மனக்கண்ணின் முன் தோன்றியதைக் கல்கி எழுதியிருக்கிறார். அந்தக் கனவு புத்தகமாக முடியப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில், சின்னதான பின்கதையை முதலில் எழுதி முடித்து, அதற்குப் பின்னரே பெரிய முன்கதையில் அவர் கை வைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்று கட்சிகள்

வாசகர்களிடையே மூன்று கட்சிகள் உண்டு.

முதற்கட்சியார், நடந்த வரிசையிலேயே படிக்க வேண்டும் என்பவர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மகேந்திரவர்மருக்குப் பின் நரசிம்மவர்மர் என்பதே சரித்திரம். மகனின் கிழப்பருவத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு தந்தையின் ஆட்சிக்குத் திரும்பிப் போவது சிறு பிள்ளைகளைக் குழப்பாதா? அஸ்திவாரம் போட்ட பிறகுதானே சுவர் எழுப்புகிறோம்? 'பார்த்திபன் கனவி'ல் வாதாபிப் போரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அந்தப் போரை முன்பே படித்தவனுக்கு அது நன்றாக விளங்கும், படிக்காதவன் விழிப்பான். இதுவே அவர்கள் வாதம்.

இரண்டாம் கட்சியார், ஆசிரியர் எழுதிய வரிசையே வாசகனுக்கும் வரிசை என்பவர்கள்.

மூன்றாம் கட்சியார் கொஞ்சம் விசித்திரமானவர்கள். 'பார்த்திபன் கனவு' ஒன்றே போதும், முன்கதை வேண்டாம் என்பவர்கள். 'பார்த்திபன் கனவு' மங்களமாக முடிகிறது. சோழன் விடுதலை பெறுகிறான்; மணவினை நிகழ்கிறது. 'சிவகாமியின் சபத'மோ நெஞ்சைக் கனக்க வைத்து முடிகிறது. மேலும், பின்கதையில் குற்றமே காண முடியாத பேரறிவாளராக விளங்கும் சக்கரவர்த்தி, முன்கதையில் தனக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு வாழ்வளிக்க முடியாதவராக நிற்கிறார். "நல்லவர் என்று நினைத்திருந்தவரின் பழைய கணக்கை எதற்குக் கிளற வேண்டும்?" என்பது இவர்கள் மனக்குறை.

இந்த மூன்றாம் கட்சியாரின் மனக்குறையிலேயே முதற்கட்சியாருக்கான விடையும் ஒளிந்திருக்கிறது. பின்கதையில் நரசிம்மவர்மரை முதலில் கண்டு, மதித்து, விரும்பிய பிறகே முன்கதையைப் படிப்பவனுக்கு அந்த மனக்குறை ஏற்படும். அந்த வலிதான் முன்கதையின் உயிர். இந்த மனிதரின் முதிர்ச்சியும் பொறுமையும், பிறர் மக்கள் மீது காட்டும் பரிவும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி முதலில் மனதில் விழ வேண்டும். எத்தனை பெரிய இழப்பிலிருந்து அவை விளைந்தன என்பது பிறகு தெரிய வேண்டும். நடந்த வரிசையில் படிப்பவனுக்கு விடை முதலில் கிடைத்துவிடுகிறது. கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே அவனுக்கு இல்லாமற் போகிறது.

முடிவு தெரிந்தும் காத்திருந்தவர்கள்

1944-ல் 'சிவகாமியின் சபதம்' தொடங்கியபோது பத்திரிகை வாசகர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 'பார்த்திபன் கனவை' ஏற்கெனவே படித்தவர்கள் அவர்கள். நரசிம்மவர்மருக்குக் குந்தவி என்ற மகள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். வாதாபியை வென்றவர் என்பதும் தெரியும். போரில் யார் ஜெயிப்பார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க முடியாது. இருந்தும், இதழுக்கு இதழ் இரண்டரை ஆண்டு காத்திருந்து படித்தார்கள். தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. என்ன நடக்கப் போகிறது என்ற ஆவல் ஒருவகை. அது எப்படி நடந்தது என்ற ஆவல் இன்னொரு வகை. 'பார்த்திபன் கனவு' முதல் வகை ஆவலை நம்பி எழுதப்பட்டது. சிவனடியார் யார், காபாலிகர் யார், விக்கிரமன் பிழைப்பானா என்ற கேள்விகள் அதன் அத்தியாயங்களை இழுத்துச் செல்கின்றன. 'சிவகாமியின் சபதம்' இரண்டாம் வகை ஆவலுக்கு விருந்து வைக்கிறது. முன்கதையை முந்திப் படித்தவனுக்கு, அந்த ஒற்றைக் கைக் காபாலிகர் பின்கதையில் தலைகாட்டியதுமே ஊகம் பிறந்துவிடும். ஆசிரியர் பொத்திப் பொத்தி வைத்த மர்மம் அவ்வளவில் தீர்ந்தது. எழுதிய வரிசையில் படிப்பவனுக்கோ இரண்டு ஆவலும் குறைவின்றிக் கிடைக்கின்றன.

பழைய வழக்கம்

முன்கதையைப் பின்னால் சொல்லும் வழக்கம் தமிழனுக்குப் புதிதல்ல. கேரள மண்ணுக்கும் புதிதல்ல. சேர இளவல் என்று மரபு போற்றும் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்திலேயே அது உண்டு. கோவலன் கொலையுண்டு, பாண்டியன் உயிர் நீத்து, மதுரை எரிந்த பிறகு, அந்நகரின் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றிக் கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. கலிங்க நாட்டில் பரதன் என்ற பெயரோடு அரசப் பணியாளாய் இருந்த அவன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொலை செய்வித்தான். சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டு மலையிலிருந்து வீழ்ந்து மாண்டாள். அந்தச் சாபமே மதுரையில் பலித்தது என்கிறது தெய்வம்.

காப்பியத்தின் நீளத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய முன்கதை. கட்டுரைக் காதையில் ஒரு பகுதி. இதைப் பற்றியும் படித்தவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அரசன் செய்த அநீதியின் கனத்தை இந்த ஊழ்க்கதை குறைத்துவிடுகிறது என்பவர்கள் உண்டு. கணவனை இழந்தவளுக்கு ஒரு காரணமாவது கிடைக்கிறதே என்பவர்களும் உண்டு. எந்தக் கட்சியாரானாலும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். இந்த முன்கதையைப் புகார்க் காண்டத்தின் தொடக்கத்தில் வைத்திருந்தால், கோவலன் சிலம்போடு மதுரை வீதியில் நடக்கும்போது நமக்குப் பதைப்பே இருந்திருக்காது. பரதனுக்கு வந்த வினை என்று எண்ணி நகர்ந்திருப்போம். இளங்கோவடிகள் அதைப் பின்னால் வைத்தார்.

வால்மீகி ராமாயணத்து உத்தரகாண்டமும் இப்படியே. இராவணன் மாண்டு, இராமன் முடிசூடிய பின்னரே அகத்திய முனிவர் இராவணனின் பிறப்பையும் வரபலத்தையும் விவரிக்கிறார். வீழ்ந்தவன் யார் என்பதை வென்றவனுக்குப் பின்னால் சொல்லும் முறை அது. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இந்த வரிசை எந்தக் குழப்பத்தையும் உண்டாக்கவில்லை.

கொச்சங்காடிக் கல்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டு யூதர்களுக்கு ஒரு ஜெபாலயம் இருந்தது. இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் உள்ள பரதேசி ஜெபாலயத்தின் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. பரதேசி ஜெபாலயம் 1568-ல் கட்டப்பட்டது. அங்கே செல்பவர் மணிக்கூண்டையும், சீனத்து நீலத் தரையோடுகளையும், தொங்கும் விளக்குகளையும் முதலில் காண்கிறார். பிறகு அந்தக் கல்லைக் காண்கிறார். இந்த வீட்டுக்கு முன் இன்னொரு வீடு இருந்தது, அதுவும் இங்கே பக்கத்திலேயே இருந்தது என்ற எண்ணம் அப்போதுதான் உறைக்கிறது. வெறும் கல்லை முதலில் காட்டியிருந்தால் எழுத்துத் தெரியாதவருக்கு அது கல்தான். பின்னால் வந்த வீட்டில் நின்று பார்ப்பதால் அது பேசுகிறது. முன்கதையும் அப்படியே, பின்கதைக்குள் நின்று பார்ப்பவனிடமே அது முழுமையாகப் பேசும்.

வெளிநாட்டு வாசகர்கள்

மேல்நாட்டிலும் இந்தச் சச்சரவு ஓய்ந்தபாடில்லை. சி.எஸ். லூயிஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிச் சிறுவர்களுக்காக 1950 முதல் 1956 வரை ஏழு புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகத்தில் ஒரு சிறுமி அலமாரிக்குள் நுழைந்து, பனி பெய்யும் காட்டில் வெளியே வருகிறாள். நட்ட நடுக் காட்டில் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. யார் நட்டது, யார் ஏற்றியது, ஒன்றும் தெரியாது. ஐந்து ஆண்டு கழித்து, 1955-ல் ஆறாவதாக வந்த 'மந்திரவாதியின் மருமகன்' என்ற சின்னப் புத்தகம் அந்த உலகம் பிறந்த கதையைச் சொல்கிறது. லண்டன் நகரத்து விளக்குக் கம்பத்திலிருந்து பிய்த்து எறியப்பட்ட ஓர் இரும்புத் துண்டு, புதிய மண்ணில் விழுந்து விளக்காக முளைத்தது என்ற விடை அதில் கிடைக்கிறது.

இந்த முன்கதையை முதலில் படிக்கலாமா என்று அங்கே வாசகர்கள் இரண்டு பட்டு நிற்கிறார்கள். 1957-ல் ஒரு சிறுவன் இதே கேள்வியை ஆசிரியருக்கே எழுதிக் கேட்டான். நடந்த வரிசையில் படிக்கலாம் என்ற அவன் எண்ணத்தோடு தாம் உடன்படுவதாகவும், ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்றும் லூயிஸ் பதில் எழுதினார். பிற்காலத்தில் பதிப்பகத்தார் புத்தகங்களின் எண்களையே மாற்றி, முன்கதையை முதற்புத்தகமாக்கிவிட்டார்கள். ஆசிரியரே சொன்ன பிறகு மறுபேச்சு உண்டா என்று கேட்கலாம். உண்டு. விளக்கு முளைத்த கதையை முன்பே அறிந்த பிள்ளை, பனிக்காட்டில் அந்த விளக்கைக் காணும்போது வியப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? புத்தகத்தை எழுதியவருக்கு எல்லா விடைகளும் முன்பே தெரியும். முதன்முதலாகப் படிப்பவனின் வியப்பை அவரால் மீண்டும் அடைய முடியாது. அந்த வகையில் வாசகனின் சாட்சியமும் கணக்கில் வர வேண்டும்.

ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே. ரௌலிங் 2008-ல் சுமார் 800 சொற்களில் ஒரு முன்கதையைச் சிறு அட்டையில் கையால் எழுதிக் கொடுத்தார். தர்ம காரியத்துக்காக அது 25,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. கதாநாயகன் பிறப்பதற்கு முன், அவன் தந்தையும் தந்தையின் தோழனும் மோட்டார் சைக்கிளில் போலீஸ்காரர்களிடம் அகப்படும் காட்சி அது. ஏழு புத்தகங்களையும் படித்தவர்களுக்கு அந்த 800 சொற்கள் பொக்கிஷம். அந்த இளைஞர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பது தெரிந்திருப்பதால், அவர்களுடைய குறும்பும் சிரிப்பும் கண்ணில் நீரை வரவழைக்கும். படிக்காதவர்களுக்கு அது வெறும் துரத்தல் காட்சி. குடும்பத்தைத் தெரிந்தவனுக்கே குடும்பத்துப் பழங்கதை ருசிக்கும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

திரைப்படத்திலும் அண்மையில் இது நடந்தது. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் 2022 செப்டம்பரிலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஆதித்த கரிகாலன், நந்தினி இருவரின் இளமைக் காதல் ஒரு சிறிய முன்கதையாகக் காட்டப்பட்டது. நாவலிலோ அது கதை நடக்கும் வழியில், பாத்திரங்களின் வாய்மொழியாகச் சிறிது சிறிதாக வெளிப்படும். கண்ணால் கண்டதும் மனம் உருகிற்று என்றார்கள் சிலர். நந்தினியின் மர்மம் குறைந்துவிட்டது என்றார்கள் நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால், அந்த முன்கதையைக்கூட இயக்குநர் முதற்பாகத்தின் தலையில் வைக்கவில்லை. கரிகாலனின் கோபத்தையும் நந்தினியின் வஞ்சத்தையும் ஒரு படம் முழுவதும் பார்த்து, ஏழு மாதம் யோசித்த பிறகே காரணத்தைக் காட்டினார். அங்கேயும் முன்கதை பிந்தியே வந்தது.

பிள்ளைகள் கையில்

இனி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். கேரளத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் காதால் தெரியும். கண்ணால் தெரிவது குறைவு. மலையாளத்தில் 'க' வரிசைக்கு நான்கு ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒரே எழுத்து. அந்த ஒரே எழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தாங்குகிறது. எங்கே எப்படி ஒலிப்பது என்பது பேசிப் பழகிய நாக்கு சொல்லித் தர வேண்டிய விஷயம். ஆகவே, தொடக்கத்தில் அந்தப் பிள்ளை தடுக்கித் தடுக்கியே படிக்கும். அதற்கு வேண்டியது சிறிய அத்தியாயங்கள், அத்தியாய முடிவில் ஒரு கொக்கி, அடுத்து என்ன என்ற துடிப்பு. தொடர்கதையாக எழுதப்பட்ட 'பார்த்திபன் கனவி'ல் இவை மூன்றும் உண்டு. இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். 'சிவகாமியின் சபத'த்துக்கோ ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும். முதல் முயற்சியிலேயே ஏழு மாத மலையைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடும்.

"இருப்பதில் சிறந்ததைத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? 'சிவகாமியின் சபதம்' அல்லவா பெரிய படைப்பு?" என்று தந்தையர் கேட்பதுண்டு. பாசத்தில் எழும் கேள்வி அது. ஆனால், பந்தியில் இலை போட்டதும் பாயசத்தை ஊற்றுவதில்லை. அதன் முறை வரும்போது வருகிறது. 'சிவகாமியின் சபத'த்தை முதலில் படித்துவிட்டு, அதன் உயரத்திலிருந்து 'பார்த்திபன் கன'வுக்கு வருபவருக்குப் பின்னது சிறுத்துத் தெரிவதும், பாதியில் நின்றுபோவதும் உண்டு. சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறினால் எதுவும் வீணாவதில்லை.

இங்கே இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 'பார்த்திபன் கனவு' சொந்த நாட்டை விட்டுக் கடல் கடந்து போன ஒரு பிள்ளையின் கதை. தந்தை தீட்டி வைத்த சித்திரங்களை நெஞ்சில் சுமந்துகொண்டு, காவிரிக் கரையைப் பார்க்க ஏங்கித் திரும்பி வருகிறவன் விக்கிரமன். வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை மட்டும் ஊரைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த ஏக்கத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை விக்கிரமனோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கனவு முழுதாகப் பலித்தது முந்நூறு ஆண்டு கழித்து, இராஜராஜன், இராஜேந்திரன் காலத்தில் என்று கதை முடிவில் கல்கி சொல்வது 'பொன்னியின் செல்வ'னுக்கும் வழி திறந்துவிடும். 'பொன்னியின் செல்வன்' படத்தைக் கேரளத்துப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாவூர்க்காரரான ஜெயராம் ஆழ்வார்க்கடியானாக வந்து சிரிக்க வைத்ததை மலையாளத் தோழர்களும் அறிவார்கள். ஆகையால், பேசிக்கொள்ளத் துணைக்கும் குறைவிருக்காது.

செய்யக் கூடியவை

இதில் பெற்றோர் செய்யக் கூடியது எளிது. 'பார்த்திபன் கனவை' முதலில் வாங்கிக் கொடுக்கலாம். முதல் பத்து அத்தியாயங்களையாவது வேலை முடிந்து வந்த இரவில் உரக்கப் படித்துக் காட்டலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைத் திருத்திக்கொண்டே இருக்காமல், கதை போகிற போக்கில் விட்டுவிடலாம். அது முடிந்து, சக்கரவர்த்தியின் இளமையைப் பற்றிப் பிள்ளையே கேள்வி கேட்கும் நாளில் 'சிவகாமியின் சபத'த்தை எடுத்து நீட்டலாம்.

வாசகசாலைகளுக்குக் கேரளத்தில் பஞ்சமில்லை. பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கி வைத்த கிரந்தசாலை இயக்கம், கிராமம்தோறும் வாசகசாலை என்ற நிலையை உண்டாக்கியது. அவர் நினைவு நாளான ஜூன் 19-ஐ இம்மாநிலம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. தமிழர் வாழும் பகுதியில் உள்ள வாசகசாலையில் ஒரு தமிழ் அலமாரி வேண்டும் என்று நாலு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால், புத்தகங்களையும் தாங்களே கொடுத்தால், மறுப்பதற்குக் காரணம் இருக்காது. ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவரும் புத்தகம் அவர் பெட்டியோடு நின்றுவிடாமல் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

பதிப்பகத்தாரும் ஒரு காரியம் செய்யலாம். கல்கியின் படைப்புகள் 1999-ல் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு எந்தப் பதிப்பகமும் அவற்றை வெளியிடலாம் என்ற நிலை வந்தது. மலிவு விலையில் புத்தகம் கிடைப்பதற்கு அது வழி செய்தது. அப்படி வெளியிடும்போது முதற்பக்கத்தில், எந்த ஆண்டு எழுதப்பட்டது, இதற்குத் தொடர்புடைய நாவல் எது, அது முன்னால் எழுதப்பட்டதா பின்னால் எழுதப்பட்டதா என்ற மூன்று வரிகளை அச்சிட்டால் போதும். அட்டைப்படத்தை மட்டும் பார்த்து வாங்கும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் அந்த மூன்று வரிகள் பெரிய உதவி.

முதற்கட்சியாருக்கு ஒரு சமாதானம் உண்டு. இரண்டையும் ஒருமுறை படித்து முடித்தவர், மறுமுறை படிக்கும்போது நடந்த வரிசையில் தாராளமாகப் படிக்கலாம். அப்போது மர்மம் இருக்காது. அதன் இடத்தில் சரித்திரத்தின் ஓட்டம் இருக்கும். மாமல்லன் மெல்ல மெல்ல நரசிம்மச் சக்கரவர்த்தியாக முதிர்வதை நேர்கோட்டில் பார்க்கும் சுகம் தனி. ஆனால், அது இரண்டாம் வாசிப்புக்கு உரியது. முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அதிலும், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளையின் முதல் தமிழ் நாவல் என்பது அந்தக் குடும்பத்துக்கே ஒருமுறை வரும் சந்தர்ப்பம். அதைச் சின்னப் புத்தகத்தில் தொடங்கட்டும். முன்கதை பிறகு வரட்டும்.